கசியாத வீடு

எங்கள் தெருவில் எங்கள் வீட்டு எண்ணைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கசியாத வீடு என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். அந்தப் பெயரை நாங்களாக வைத்துக்கொள்ளவில்லை. அது அப்பாவின் உத்தியோகம் வாங்கிக் கொடுத்தது. அப்பா நகராட்சியில் சாக்கடை ஆய்வாளராக இருந்தவர். யார் வீட்டுக் குழாய் கசிந்தாலும் அங்கே போய் நின்று குற்றம் சொல்வது அவர் வேலை. அப்படிப்பட்டவர் தன் வீட்டுக் குழாயை எப்படி வைத்திருக்க வேண்டும்? குளியலறையிலிருந்து பக்கவாட்டுச் சுவரை ஒட்டித் தெருச் சாக்கடை வரை போகும் மண்குழாயை, துண்டு துண்டாகத் தட்டிப் பார்த்து வாங்கினார். ஒவ்வோர் இணைப்பையும் பக்கத்தில் குந்தியிருந்து பூச வைத்தார்.

பூசி முடித்ததும் அவர் செய்த சோதனையை, வீட்டுக்கு வெள்ளையடிக்கும் போதெல்லாம் நானும் செய்துவருகிறேன். குழாயின் இரண்டு முனையிலும் மூடி போட்ட சதுரக் குழி ஒன்று உண்டு. தெருப்பக்கக் குழியில் குழாயின் வாயை ரப்பர் பந்தால் அடைத்துவிட வேண்டும். பின்பக்கக் குழியில் தண்ணீரை ஊற்றி நிரப்ப வேண்டும். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு. பிறகு நாற்காலியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாளை விளம்பரம் உட்பட முழுக்கப் படிக்கலாம். எழுந்துபோய்ப் பார்த்தால் தண்ணீர் அதே கோட்டில் அசையாமல் நிற்கும். அப்பா காலத்திலும் நின்றது, என் காலத்திலும் நின்றது.

மகள் கல்யாணத்தில் சம்பந்தியம்மாவிடம் இதை விவரமாகச் சொன்னேன். அவர் பெரிய மருத்துவமனை ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த மேசையாக இருந்தாலும் ஒரு விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் கையை ஊன்றுவார். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "அதை நான் ஒரு நாள் பாக்கணுமே" என்றார். மகள் அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சில மாதங்கள் கழித்து மகளிடமிருந்து போன் வந்தது. மாமனாரும் மாமியாரும் அவளோடு வந்து எங்கள் வீட்டில் சில நாள் தங்கப் போகிறார்கள், முதல் தடவை. "அப்பா, அத்தை எல்லாத்தையும் உத்துப் பாப்பாங்க, கொஞ்சம் பாத்துக்குங்க" என்றாள். நம் வீட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, தாராளமாக உற்றுப் பார்க்கட்டும் என்று சொல்லி போனை வைத்தேன்.

அன்று சாயங்காலம் குளியலறைத் தரையில் தண்ணீர் போகாமல் நின்றது.

நின்றது மட்டுமல்ல, போன தண்ணீரும் திரும்பி வந்தது. நான் என் மனைவியின் தலைமுடியைக் குறை சொன்னேன். "இருக்கறதே நாலு முடி, அதுல ரெண்டு சீப்புல இருக்கு. மிச்சம் ரெண்டுதான் உங்கப்பா குழாயை அடைக்குதா?" என்று அவள் கேட்டாள். வேறு வழியில்லாமல் பிளம்பரைக் கூப்பிட்டோம்.

இந்தப் பிளம்பரைத் தெருவில் டாக்டர் என்பார்கள். நீளமான வயரின் நுனியில் சின்ன கேமரா ஒன்றை வைத்திருக்கிறான். அதைக் குழாய்க்குள் விட்டுச் செல்போனில் படம் காட்டுவான். அது வந்ததிலிருந்து அவன் நடையே மாறிவிட்டது. யார் என்ன கேட்டாலும் "ஸ்கேன் பண்ணாம ஒண்ணும் சொல்ல முடியாது" என்பான். அடைத்திருப்பது துணி என்றான், பிறகு பிளாஸ்டிக் பை என்றான், பிறகு செத்த எலியாக இருக்கலாம் என்றான். கடைசியில் கேமரா உள்ளே போனது. மூன்று தலைகளும் ஒரு செல்போன் மேல் கவிந்தன. குழாய் வளைந்து வளைந்து ஓடியது. திடீரென்று அதற்குள் யாரோ தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி ஓரடி பின்வாங்கினாள்.

"வேரும்மா. பக்கத்து வீட்டு அத்தி" என்றான் பிளம்பர்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. குற்றம் நம் வீட்டில் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ரயிலில் கார்டாக வேலை பார்த்தவர். வீட்டிலேயே இருந்தாலும் ரயில் சத்தத்துக்கு மேல் பேசுவது போலத்தான் பேசுவார், அதைவிட உரக்கச் சிரிப்பார். அவருக்கும் எங்களுக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. வாசலில் பார்த்தால் வணக்கம், அதோடு சரி. அக்கம்பக்கத்தில் போய் உட்காருவதோ, ஒன்றைக் கேட்டு வாங்குவதோ எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அவர் சுவரை ஒட்டி அத்தி வைத்தபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது திறக்க வேண்டியிருந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அத்தி பூத்த மாதிரி வந்திருக்கீங்க சார். உக்காருங்க."

நான் உட்காரவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன். உங்கள் மரத்தின் வேர் என் எல்லைக்குள் நுழைந்து என் குழாயை உடைத்திருக்கிறது, ஆவன செய்யுங்கள் என்று முடித்தேன். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு அவர் முகம் மெதுவாக மலர்ந்தது.

"வேர் கதவை உடைச்சிக்கிட்டு வராது சார். தண்ணி எங்க கசியுதுன்னு மோப்பம் புடிச்சிக்கிட்டுத்தான் வரும். இந்த மரத்துக்கு நான் ஒரு வாளி தண்ணி ஊத்தினதில்ல. கோடையில தெருவே காஞ்சு கெடக்கும், இது மட்டும் தளதளன்னு நிக்கும். யார் புண்ணியம்னு தெரியாமலேயே இருந்துச்சு."

"எங்க வீட்டுக் குழாய் கசியாது."

"அப்போ சரி. தோண்டிப் பாத்துடுவோம்."

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். தோண்டினால் இணைப்பு தெரியும். வேர்தான் இணைப்பை உடைத்ததா, இணைப்பு முதலில் வாய் திறந்து வேரை அழைத்ததா என்பதும் தெரிந்துவிடும். மரத்தின்மேல் நான் குற்றம் சொல்லச் சொல்ல, அப்பா போட்ட குழாய் அந்த மரத்துக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும். இப்போதைக்குத் தேவையில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று திரும்பிவிட்டேன். என் முதுகுக்குப் பின்னால் அவர் சிரிக்கவில்லை. அது இன்னும் உறுத்தியது.

பிளம்பரும் தோண்டத்தான் வேண்டும் என்றான். வேரை மட்டும் வெட்டினால் மறுபடி வளரும், அந்த இணைப்பையே எடுத்துவிட்டுப் புதுக் குழாய் போட வேண்டும், அந்தப் பக்கத்திலும் வேரை நறுக்க வேண்டும் என்றான். விருந்தாளிகள் வரும் நேரத்தில் வீட்டைச் சுற்றிப் பள்ளமா என்று கேட்டேன். கம்பியின் முனையில் சுழலும் கத்தியை உள்ளே விட்டு வேரை வெட்டி எடுத்தால் போதும் என்று உத்தரவு போட்டேன்.

"பல்லைப் புடுங்காம வலிக்கு மாத்திரை குடுக்கற கதை ஐயா இது" என்றான்.

"நீ மாத்திரையைக் குடு."

என் மனைவி அடுக்களையிலிருந்தே கேட்டாள். "தோண்டினா என்னங்க? உள்ள உங்கப்பாவா உக்காந்திருக்காரு?"

கத்தி சுழன்றது. வாளி வாளியாக வேர் வந்தது, பழைய மெத்தையைப் பிரித்துப் போட்டது போல. பிறகு குளியலறையில் ஊற்றிய தண்ணீர் ஒரு சத்தத்தோடு இறங்கி ஓடியது. அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே நான் வேண்டியதற்கு மேல் தண்ணீர் ஊற்றினேன்.

சம்பந்திகள் மகளோடு வந்து இறங்கினார்கள். சம்பந்தி வாய் திறந்து நான் அதிகம் கேட்டதில்லை. பேச்சு முழுவதையும் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் மனிதர். சம்பந்தியம்மா முதல் நாளே எங்கள் மேசையைத் தடவினார், ஜன்னல் விளிம்பைத் தடவினார், விரலைப் பார்த்தார், தலையை ஆட்டினார். குளியலறைக்குப் போய் வந்தவர், தண்ணீர் கடகடவென்று போகிறது என்றார். நான் என் நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை காபி குடித்த கையோடு அவர் ஆரம்பித்தார்.

"சம்பந்தி, கல்யாணத்துல சொன்னீங்களே, கோடு போட்டுப் பாக்கறது. இப்போ பாக்கலாமா?"

மகள் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. அத்தனை வேரை உள்ளே வைத்துக்கொண்டே தண்ணீர் கோட்டில் நின்றிருக்கிறது, இப்போது குழாய் சுத்தமாக இருக்கிறது, கேட்கவா வேண்டும் என்பது என் கணக்கு. ரப்பர் பந்தை நானே பொருத்தினேன். தண்ணீரை நானே ஊற்றினேன். கோட்டை மட்டும் சம்பந்தியம்மா தன் கையால் போடுவேன் என்றார். காய்ச்சல் அட்டையில் போடுவது போலப் பிசிறில்லாமல் போட்டார். எல்லோருக்கும் பின்பக்கத்திலேயே நாற்காலி போட்டோம். செய்தித்தாளைச் சம்பந்தி எடுத்துக்கொண்டார்.

அவர் இரண்டாவது பக்கத்தைத் திருப்புவதற்குள் சம்பந்தியம்மா எழுந்து போய்க் குனிந்து பார்த்தார்.

"சம்பந்தி, நான் போட்ட கோடு மேல ஏறியிருக்கா, இல்ல உங்க தண்ணி கீழ எறங்கியிருக்கா?"

வெயிலுக்குச் சுண்டியிருக்கும் என்றேன். வெயில் இன்னும் அங்கே வரவே இல்லை. மறுபடி கோடு வரை ஊற்றினேன். இந்தத் தடவை எல்லோரும் நின்றபடியே பார்த்தோம். தண்ணீர் எங்கள் கண்ணெதிரே இறங்கியது. ஒளிவுமறைவு இல்லாமல், அவசரமும் இல்லாமல், படியிறங்கிப் போவது போல இறங்கியது.

அப்போது சுவருக்கு மேல் கார்டின் தலை தெரிந்தது.

"சார், என் பக்கம் ஊத்து கெளம்பியிருக்கு. செருப்பெல்லாம் மிதக்குது." விருந்தாளிகளைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. அவ்வளவு மெதுவாக அவரால் பேச முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

என் மகள் பக்கத்தில் வந்து நின்றாள். நான் பெருமையடித்த கதையை அந்த வீட்டில் எத்தனை தடவை அவளிடம் கிண்டலாகக் கேட்டிருப்பார்களோ, அத்தனை தடவையும் அவள் தாத்தாவை விட்டுக்கொடுக்காமல் பேசியிருப்பாள். இப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. இதற்கெல்லாம் பக்கத்து வீட்டு மரம்தான் காரணம், வேர் வந்து குழாயைக் கெடுத்துவிட்டது என்று மாமியாரிடம் சொன்னாள். அவளுக்கு அவள் அம்மா எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது.

சம்பந்தியம்மா சுவரைப் பார்த்தார். கார்டு ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமாம்மா, என் மரம்தான். சனியன், சொன்ன பேச்சைக் கேக்காது" என்றார்.

அவர் என்னைக் காப்பாற்றுகிறார். என் சம்பந்திகள் முன்னால் என் வீட்டு மானத்தைத் தன் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறார், அதுவும் செருப்பு மிதக்கும் தண்ணீரில். நான் பேசாமல் இருந்திருந்தால் போதும், அதோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்தவர் இரக்கப்பட்டுக் கொடுத்த பெயரை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் யாரும் வாழ்ந்ததில்லை. அப்பாவுக்கு நான் செய்ய வேண்டிய மரியாதை எது என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தெளிவானது. ஊரார் குழாய் கசிந்தபோது அவர் யாருக்காகவும் அதை மரத்தின் மேல் போட்டதில்லை.

"மரத்து மேல தப்பில்ல. எங்கப்பா போட்ட கொழாய் கசியுது. ரொம்ப நாளாவே கசிஞ்சிருக்கணும்" என்றேன்.

சொல்லி முடித்தபோது என் முதுகு வலித்தது. அவ்வளவு நேராக நின்றிருக்கிறேன்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்த பார்வை, நோயாளி தானாகவே எழுந்து நடந்ததைப் பார்ப்பது போல இருந்தது. கைக்குட்டையால் விரலில் இருந்த சாக்கட்டித் தூளைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வேலை பாத்த காலம் முழுக்க வார்டுலதான் இருந்தேன், சம்பந்தி. கசியாத ஆளை நான் பாத்ததே இல்ல. நல்ல டாக்டரைக் கூப்பிடுங்க."

"எங்க டாக்டர் ஒருத்தன் இருக்கான்" என்று என் மனைவி போனை எடுத்தாள்.

பிளம்பர் வந்து பள்ளம் தோண்டினான். தான் சொன்னதை அன்றே கேட்டிருந்தால் என்று ஆரம்பித்தவன், என் முகத்தைப் பார்த்து மிச்சத்தை மண்வெட்டியிடம் சொல்லிக்கொண்டான். சுவருக்கு அந்தப் பக்கம் கார்டு தன் பங்குக்கு ரம்பத்தோடு இறங்கினார். கைவிரல் கனமுள்ள வேர்கள் சுவருக்கு அடியில் வந்து, ஓர் இணைப்பை மட்டும் குறிவைத்து மொய்த்திருந்தன. மண் கொஞ்சம் இறங்கியதில் இணைப்பின் பூச்சு மயிரிழை அளவு விரிந்திருந்தது. வேர் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வளர்ந்து, குழாயின் வடிவத்துக்கே அச்சு வார்த்தது போலப் படிந்து, இறுக்கிப் பிடித்திருந்தது. உள்பக்கம் விரிசலை அடைத்திருந்த நுனிகளைத்தான் நம் கத்தி வழித்து எடுத்துவிட்டது என்றான் பிளம்பர்.

அதாவது, நான் வெள்ளையடித்த போதெல்லாம் கோட்டில் நின்ற தண்ணீரை நிறுத்தி வைத்திருந்தது பக்கத்து வீட்டு அத்தி. எங்கள் வீட்டின் பெயரை நானும் அப்பாவும் காப்பாற்றியதாக நினைத்திருந்தேன். எங்களுக்குச் சொல்லாமல் மூன்றாவதாக ஒரு காவல்காரன் இருந்திருக்கிறான்.

சம்பந்தியம்மா பள்ளத்தின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து அந்த வேரைத் தொட்டுப் பார்த்தார். "கட்டு சுத்தமா போட்டிருக்கு. எங்க நர்ஸுங்களுக்கு இவ்வளவு பொறுமை கெடையாது" என்றார். கார்டு அந்தப் பக்கத்திலிருந்து, தன் மரத்தைப் பற்றி இந்த வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருவது இதுதான் முதல் தடவை என்றார். அவர் சிரித்த சிரிப்பில் சம்பந்திகூடச் செய்தித்தாளை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

குழாய் திறந்து கிடந்த வரை குளியல் எல்லாம் கார்டு வீட்டில்தான். முதலில் நான் மறுத்தேன். என் மனைவி என்னிடம் ஒரு துண்டைக் கொடுத்து, "ஒண்ணு அங்க போய்க் குளிங்க, இல்ல பள்ளத்துல எறங்கிக் குளிங்க" என்றாள். போனேன். எனக்கு முன்னால் சம்பந்தியம்மா தோளில் துண்டோடு திரும்பி வந்துகொண்டிருந்தார். கார்டு வீட்டில் சோப்பு டப்பாவின் அடிப்பக்கம்கூடப் பளபளவென்று இருக்கிறது என்று என்னிடம் அழுத்திச் சொன்னார். நான் அன்றே எங்கள் சோப்பு டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

பழைய இணைப்பு இருந்த இடத்தில் புதுக் குழாய் வந்தது. சுவருக்கு அடியில் தடிமனான தகடு ஒன்றை இறக்கி, வேர் இனி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதபடி செய்தோம். மரத்தை வெட்ட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். கார்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு கொஞ்சம் கவலையோடு மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இத்தனை நாளு உங்கப்பா ஊத்தினாரு. இனிமே நான் ஊத்தணும். எவ்வளவு ஊத்துவாருன்னு தெரியலையே சார்."

ஒரு நாளைக்கு ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள், வாடினால் சொல்லுங்கள் என்றேன். எங்கள் குடும்பம் தொடங்கிய காரியத்தை நாங்கள் பாதியில் விடுவதில்லை.

சம்பந்திகள் கிளம்பும் நாள் வந்தது. சம்பந்தி பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மகள் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். சம்பந்தியம்மா மட்டும் என்னை வாசல் ஓரமாகக் கூப்பிட்டார். இரண்டு பக்கமும் பார்த்தார். தலைமை நர்ஸ் குரல் எங்கோ போய்விட்டது.

"சம்பந்தி, எங்க அடுக்களைப் பின்சுவரு எப்பவும் ஈரமாவே இருக்கு. அலமாரியை நகத்தி மறைச்சு வெச்சிருக்கேன். உங்க பொண்ணுக்குக்கூடத் தெரியாது. புது சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாங்களோன்னு இருந்துச்சு. ஒரு தடவை வந்து பாக்கறீங்களா?"

அவர் முகம் சிவந்திருந்தது. இந்த வீட்டில் மேசை மேசையாகத் தடவிய விரல் இப்போது புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தது. நான் குரலைத் தாழ்த்தி, யாரிடமும் சொல்லப் போவதில்லை, அடுத்த வாரமே வருகிறேன், மகளைப் பார்க்க வந்ததாக இருக்கட்டும் என்றேன். அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். வண்டியில் ஏறும்போது மறுபடி தலைமை நர்ஸாகிவிட்டார். இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

சொன்னபடி அடுத்த வாரம் போனேன். அலமாரியை நகர்த்தினோம். பின்னால் என்ன இருந்தது என்பதை நான் சொல்வதாக இல்லை. அது இப்போது எங்கள் குடும்ப விஷயம்.